சுவர் தொடாத கூரை

10 ஜூலை 2024, புதன்கிழமை

முதலில் என் தவறை எழுதிவிடுகிறேன். அண்ணியின் விடைத்தாளை என் பெயரோடு அனுப்பியிருக்கிறேன்.

முகப்பில் ரெபேக்கா என்று அண்ணியின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். போன வாரம் தேர்வு அன்று என் தாளை அனுப்பியதும், உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, வேறு பெயரில் சேமித்து, அந்தத் தாளிலேயே அண்ணியை எழுதச் சொன்னேன். ஓரம், பக்க எண், முகப்பு எல்லாம் தயாராக இருந்தன. அண்ணிக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். 'எழுதியவர் லவினா' என்று என் பெயரைக் கோப்புக்குள் கணினி தானாகவே குறித்து வைத்திருக்கும் என்பது ராபர்ட்சன்பேட்டை டி.டி.பி. கடையில் வேலை செய்கிற எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இன்று காலை மமதா மேடம் போனில் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மேடம் எங்கள் ஆசிரியை. மைசூரில் தன் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சான்றிதழ் வகுப்பு எடுக்கிறார். பாடம் ஆங்கிலம், விளக்கம் கன்னடம். முதல் நாள் நானும் அண்ணியும் ஒரே திரைக்கு முன் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மேடம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு கட்டத்துக்கு ஒரு முகம் போதும். ரெண்டு முகம் இருந்தா ஒண்ணு படிக்கும், இன்னொண்ணு தலையாட்டும்."

தலையாட்டப் போவது நான்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். அன்று முதல் நான் முன்னறையில் லேப்டாப்பிலும், அண்ணி சமையலறையில் போனிலும் படித்தோம். ஜெனரல் ஷிப்ட் வாரங்களில் கம்பெனி பஸ் தாமதமானால் அண்ணி பஸ்ஸிலிருந்தே வகுப்பில் சேர்ந்துவிடுவார். வழியில் சிக்னல் போய்விடும். மேடம் பாடத்தை நிறுத்திவிடுவார். "ரெபேக்கா வரட்டும்" என்பார். அண்ணி திரும்ப வந்ததும் விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்குவார். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவருக்காக ஒரு வகுப்பே காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்படிக் காக்க வைத்ததற்காகவே அண்ணி ஒரு பாடத்தைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை.

அண்ணி நரசாபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கான வயர்களைக் கட்டுகிற லைனில் நிற்கிறார். அங்கே பாதுகாப்பு உதவியாளர் வேலை ஒன்று காலியாகிறது. இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொண்டுவந்தால் அண்ணிக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். லைனில் நின்று நின்று அவர் கால் நரம்பு சுருண்டு போயிருக்கிறது. அந்த வேலை அண்ணிக்கு எவ்வளவு அவசியம் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எழுத்துத் தேர்வை வீட்டில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதனால் முடிவில் ஒரு நேர்காணல் உண்டு. எழுதியது நீங்கள்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். அது இன்று. அண்ணிக்கு நாலரை மணிக்கு, எனக்கு ஆறு மணிக்கு.

காலையில் மேடம் சொன்னது இது.

"லவினா, மூணாவது கேள்விக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே உதாரணம் எழுதியிருக்கீங்க. ரெபேக்காவோட ஃபைல்ல உங்க பேர் வேற இருக்கு. பேர் எப்படி வந்திருக்கும்னு எனக்குப் புரியுது. ஆனா கேள்வி கேக்கப்போறது நான் இல்ல. நேர்காணல் முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இதப்பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ரெபேக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

மூன்றாவது கேள்வி: விபத்து நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எப்படி அறிவீர்கள்?

நான் டோக்கனை எழுதினேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன், அதில் ஒரு எண். ஏறி வந்ததும் அதைப் பலகையில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. அண்ணியும் அதையே எழுதியிருக்கிறார். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் ஸ்கெலட்டன் பகுதியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி இந்தக் கேள்வியைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அண்ணி பக்கத்து ஆண்டர்சன்பேட்டைப் பெண். அங்கேயும் இதே பதில்தான். சுரங்கம் மூடி இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும் காலி ஆணி என்றால் எங்கள் ஊரில் ஆள் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகம். தேர்வுக்கு முந்தைய வாரம் எப்போதாவது அடுப்படியில் அண்ணி டோக்கன் என்று சொல்லி, அது என் காதில் விழுந்ததா? இல்லை என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கிறேன் என்பதற்கு மேல் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் வீட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்துவிட்டார். அம்மா பெயர் ஜெயசீலி. சர்ச்சில் மாதர் சங்கத் தலைவியாக மூன்று முறை இருந்தவர்.

"பேசக்கூடாதுன்னா பேசக்கூடாது. அவ வந்தா நீ வெளிய போ. நீ வந்தா அவ வெளிய போவா. டீ நான் குடுக்கறேன்."

"டீ கேக்கறதுக்குக்கூட பேசக்கூடாதா மம்மி?"

"டீயில ஆரம்பிப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்க ரெண்டு பேரையும்."

அண்ணி முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். வாய் திறக்கப் போனார். அம்மா தொண்டையைக் கனைத்தார். அண்ணி வாயை மூடிக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டார். கல்யாணம் ஆகி வந்த ஆறு வருடத்தில் அண்ணி என்னிடம் ஒன்றும் பேசாமல் உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

நாலேகாலுக்கு அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டு, வாசற்படியில் அவரைக்காய் முறத்தோடு உட்கார்ந்துகொண்டார். நான் தெருக்குழாய்ப் பக்கம் போய் நின்றேன்.

எங்கள் லைன் வீடுகள் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக இருப்பவை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்த வீட்டில் மீன் வறுத்தால் அந்த வீட்டில் சோறு இறங்கும். பிறந்ததிலிருந்து இப்படியே இருப்பதால் அந்த இடைவெளி எங்கள் கண்ணில் படுவதே இல்லை. நேர்காணலின்போது தனி அறையில் இருக்க வேண்டும் என்ற விதியைப் படித்தபோதுகூட, கதவைச் சாத்தினால் போதும் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து வீட்டு மங்கம்மா ஆன்ட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குழாய்க்கு வந்தார். கையில் குடம் இல்லை.

"லவி, உங்க அண்ணி இன்னா பேச்சு பேசறா தெரியுமா? கன்னடத்துல பொளந்து கட்டறா. டீச்சர் மாதிரி."

"ஆன்ட்டி, சொல்லாதீங்க."

"இன்னாத்த சொல்லாதீங்க? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அவ சொன்னதையே நீயும் சொல்லிடு. ரெண்டும் ஒத்துப்போனாதான் நம்புவாங்க. எங்க ஆடு காணாம போனப்ப ஸ்டேஷன்ல நான் ஒண்ணு சொன்னேன், எங்க வீட்டுக்காரர் ஒண்ணு சொன்னாரு. ஆட்டைத் தொலைச்ச எங்களையே முறைச்சுப் பாத்தாங்க."

"இங்க ஒத்துப்போனாதான் ஆன்ட்டி தப்பு."

"அதெப்படி ஒத்துப்போனா தப்பாவும்? டோக்கன்ல இன்னா குறைன்னு கேட்டாங்க போல. டோக்கன வேற யாரு வேணா மாட்டிடலாம், ஆனா பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்து வர்றவள ஏமாத்த முடியாது, ஃபயர் டிரில் நடந்தா ஒவ்வொருத்தியையும் உன் சீட்டுக்காரி எங்கன்னு கேக்கணும்னு சொன்னா. நான் அப்படியே நின்னுட்டேன், அடுப்புல பால் பொங்கிடுச்சு."

நான் காதைப் பொத்தியது அதற்குப் பிறகுதான். வாசற்படியிலிருந்து அம்மா கையில் அவரைக்காயோடு எழுந்து வந்தார்.

"மங்கம்மா, வாய மூடு."

"நான் இன்னா பண்ணேன் ஜெயசீலி?"

நல்லதுதான் செய்தார். அதுதான் கஷ்டம்.

அண்ணி வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. பேசக்கூடாது என்பதால் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேசையில் எனக்கு டீ வைத்து அதை ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனார். டீயைக் குடிக்காமல் யோசித்தேன்.

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் என்ன? ஒருவர் டோக்கனை இன்னொருவர் மாட்டிவிடலாம், அதனால் டோக்கனை மட்டும் நம்பக்கூடாது. அவ்வளவுதான். அதோடு என் யோசனை நின்றுவிட்டது. அண்ணி அதற்கு அப்பால் போயிருக்கிறார். தினமும் ஒரே பஸ், ஒரே சீட்டு, பக்கத்தில் ஒரே பெண். வழியில் தூங்கி விழுந்தால் தோள் கொடுப்பவள் அவள்தான். இறங்கும்போது எழுப்புபவளும் அவள்தான். ஆளை எண்ணாதே, ஆளுக்கு ஆளைக் கேள் என்கிறார் அண்ணி. மேடம் சொல்லிக் கொடுத்ததையும் தன் பஸ்ஸையும் ஒன்றாக முடிச்சுப் போட அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொறாமை வரவில்லை. இப்படிப்பட்டவரோடு ஒரே வகுப்பில் படித்தேன் என்று பெருமையாக இருந்தது. பயம் வந்தது. இனி என் தலைக்குள் வேறு பதிலே இல்லை.

ஆறு மணி. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நேர்காணல் செய்தவர் கண்ணாடி போட்ட, நிதானமான ஓர் அம்மையார். ஆங்கிலத்தில் கேட்டார். கன்னடத்தில் பதில் சொல்லலாம் என்றார். நடந்ததை நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

கோப்பில் என் பெயர் வந்த கதையைக் கேட்டார். சொன்னேன். டோக்கன் உதாரணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள் என்றேன். குறித்துக்கொண்டார்.

"அடுத்த கேள்விக்கு முன்னால் ஒன்று. ரெபேக்காவிடம் நான் என்ன கேட்டேன், அவர் என்ன பதில் சொன்னார் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லிவிட்டு என் பாதிப் பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் அண்ணியின் நேர்காணலை வெளியாள் கேட்டிருக்கிறார் என்று ஆகிவிடும். அண்ணி அவ்வளவு நன்றாகச் சொன்னதும் சந்தேகத்துக்கு வந்துவிடும். அந்த நொடியில் அண்ணியின் கால் நரம்பு என் கண் முன்னால் வந்தது. இந்த வகுப்பில் முதல் பாடம் எது என்பதும் நினைவு வந்தது. நூலிழையில் தப்பிய விபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"ஆமாம்" என்றேன்.

"யார் சொன்னார்கள்?"

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ரெபேக்கா சொல்லி அனுப்பவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் கூரையைத் தொடாது. அது எங்களுக்கே இன்றுதான் உறைத்தது."

"காட்ட முடியுமா?"

லேப்டாப்பைத் தூக்கி, சுவர் உச்சிக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினேன். அந்த இடைவெளி வழியாக மங்கம்மா ஆன்ட்டியின் குரல் தெளிவாக வந்தது.

"நான் ஒண்ணியும் கேக்கலம்மா."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்களுடைய சொந்தப் பதில் என்று ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார்.

என் பாதிப் பதிலைச் சொன்னேன். "அதற்கு மேல் எனக்குத் தோன்றியிருக்காது. மீதியை ரெபேக்காவிடமிருந்து எடுத்தால் அது அவருடையது" என்றேன்.

"இன்று இதோடு நிறுத்துகிறேன். நாளை பதினோரு மணிக்கு உங்களுக்கு வேறு கேள்விகள், வேறு அறை. சுவர் முழுதாக இருக்கிற அறை. ரெபேக்கா விஷயத்தைப் பற்றி மமதா அவரிடம் பேசுவார்."

திரை அணைந்தது.

வெளியே வந்தபோது அண்ணி அடுப்படியில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். பதில்களைப் பற்றி நான் பேசவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அண்ணியின் கை நின்றது.

"நான் பேசினத ஆன்ட்டி கேட்டாங்கன்னு சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி."

"சொல்லாம இருந்திருக்கலாமே லவி."

"கேட்டாங்க அண்ணி. நேரா கேட்டாங்க."

அண்ணி மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். யார் பக்கம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதுவும் இந்த வீட்டில் புதிது.

"இந்த மாசம் முடிய இன்னும் எவ்ளோ நாள் கீது?" என்றார் அம்மா கடைசியில்.

அண்ணி மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தார். ரொம்ப அழுத்திப் பிசைந்தார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் அண்ணிதான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

ஏழு மணி. வழக்கமாக வகுப்பு தொடங்குகிற நேரம். அண்ணியின் போன் அடித்தது. மமதா மேடம்.

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்து உள்ளறைக்குப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"ஆன்ட்டி, வாங்க. கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

"இந்த முட்டிய வெச்சுக்கினு நான் எங்க நடக்கறது?"

"கோயில் முனை வரைக்கும். கைய குடுங்க."

மங்கம்மா ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். முனை வரை நடந்தோம். தங்கம் எடுத்துக் கழித்த சயனைடு மண்மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தது. ஆன்ட்டி வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"நல்லது சொல்லப்போயி அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டுட்டேனா?"

"தெரியல ஆன்ட்டி."

"இல்லன்னு சொல்லேன்."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

நாங்கள் திரும்பி வந்தபோது அண்ணி வாசலில் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் தலை வாரி, பின்னலை இறுக்கிப் போட்டிருந்தார்.

"மேடம் இன்னா சொன்னாங்க?" என்று ஆன்ட்டி எனக்கு முன்னால் கேட்டுவிட்டார்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி. உங்ககிட்ட முக்கியமா."

ஆன்ட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணி சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை. எனக்கு அது போதும்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லவி, சர்ச் பின்னாடி ஞாயிறு வகுப்பு நடக்கற கல்லு ரூம் கீதே, சாவி யார்கிட்ட?"

"மரியகுழந்தை அங்கிள்கிட்ட அண்ணி."

"நாளைக்கு நீ அங்க பேசி முடிச்சதும் எனக்கும் அந்த ரூம் வேணும். பன்னெண்டரைக்கு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். மறுபடியும் கேட்கப் போகிறார்கள். இன்று அவ்வளவு அழகாகச் சொன்னதை விட்டுவிட்டு, வேறு கேள்விக்கு வேறு பதிலைத் தேட வேண்டும். நான் செய்தது அது.

"உங்க ஷிப்ட்?"

"சூப்பர்வைசர்கிட்ட லீவு சொல்லிட்டேன். என் சீட்டுக்காரிக்கும் போன் போட்டு நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். இல்லாட்டி அவ என்னத் தேடி பஸ்ஸ நிறுத்தி வெச்சுடுவா."

தன் பதிலில் வந்த சீட்டுக்காரியைப் பேச்சில் இழுத்துவிட்டது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தொண்டையைக் கனைத்தார். அண்ணி சப்பாத்தி போட உள்ளே போனார். எனக்கு முதல் சப்பாத்தியை வைத்தார். அதற்குப் பிறகும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விதிக்காகவா, கோபமா என்று சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குப் புரியவில்லை. இதை எழுதும்போதும் புரியவில்லை.

நாளைய வேலை: மரியகுழந்தை அங்கிள் விடியற்காலை வேலைக்குப் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பும் முன் அவர் வீட்டுக்குப் போய்க் கல் அறையின் சாவியை வாங்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் மேலே பார்க்க வேண்டும்.